ஆச்சேயிலிருந்து ஒரு வியாபாரப் பாடம்



கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டால் நாம் முதலில் எதைத் தூக்கி மேலே வைப்போம்? இக்கேள்வியைச் சென்ற மாதம் நம் சங்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சீனி மூட்டை என்றார். ஒருவர் கல்லாப் பெட்டி என்றார். இன்னொருவர் சற்று யோசித்து, குளிர்பெட்டியைத் தூக்க முடியாதே என்று கவலைப்பட்டார். கடன் புத்தகம் என்று சொன்னவர் ஒருவருமில்லை. ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறதே அந்த 555 நோட்டுப் புத்தகம், அதற்குள்தான் நம் முதலில் ஒரு பெரும்பங்கு இருக்கிறது என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் வாசித்ததும், மீதிக்குக் கடையில் நின்று கற்றதும்தான் என் கல்வி. ஆகவே, பெரும் நாசத்துக்குப் பின் ஒரு சிற்றூர் எவ்வாறு மீண்டும் எழுகிறது என்னும் இவ்விஷயத்தை ஒரு கடைக்காரனின் கண்ணால்தான் பார்க்க என்னால் முடியும். உதாரணமாக எடுத்துக்கொள்வது ஆச்சே.

ஆச்சே நமக்கு அந்நிய நாடன்று. 17-ஆம் நூற்றாண்டிலேயே நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து நம் மரைக்காயர்களின் கப்பல்கள் துணிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு ஆச்சேக்குப் போயின. மிளகு ஏற்றித் திரும்பின. பினாங்கில் ஆச்சே தெருப் பள்ளிவாசலை 1808-ஆம் ஆண்டில் கட்டியவரும் ஆச்சேயிலிருந்து வந்த பெருவணிகர் தெங்கு செய்யித் ஹுசைன் அல்-ஐதித் அவர்களே. ஹஜ்ஜுக்குக் கப்பலேறுவோர் அத்தெருவில் தங்கிப் புறப்பட்ட காலமும் உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணிக்குச் சற்று முன் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. அன்று நான் பினாங்கில் என் மாமாவின் கடையில் வேலைக்கிருந்தேன். மதியத்தில் கடல் ஏறிய செய்தி கடைத்தெருவுக்கு வந்தபோது ஒருவரும் நம்பவில்லை. நம் நாட்டில் மாண்டோர் 68 பேர். பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தோர். அதற்கே நாம் நடுங்கிப் போனோம். ஆச்சேயிலோ 160,000 பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். வீடிழந்தோர் ஏறத்தாழ 5 லட்சம். லோக்ங்கா கடற்கரையில் நீர் 30 மீட்டருக்கும் மேல் ஏறிய அடையாளங்களைப் பின்னர் அளந்தார்கள். பத்துமாடிக் கட்டடத்தின் உயரம் அது.

அந்த லோக்ங்காவில், பண்டா ஆச்சே நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், லம்புக் என்னும் சிறு முகிம் உள்ளது. சில கிராமங்கள் கூடியது. மீனும் வயலும் தென்னையுந்தான் பிழைப்பு. அலை வடிந்தபின் அங்கே நின்றது ரஹ்மத்துல்லாஹ் பள்ளிவாசல் ஒன்றுதான். சுற்றிலும் வீடில்லை, கடையில்லை, மரமில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த அப்படத்தை நம்மில் பலர் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். பார்த்துவிட்டு “ஸுப்ஹானல்லாஹ்” என்று சொல்லிப் படத்தை மடித்து வைத்தோம். அப்பள்ளியைச் சுற்றி மறுபடியும் ஊர் எவ்வாறு வந்தது என்று கேட்டறிந்தோர் குறைவு.

முதலில் அரசாங்கம் செய்ய நினைத்ததைக் கேளுங்கள். கடற்கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் யாரும் வீடு கட்டலாகாது என்று ஒரு யோசனை வந்தது. உயிர் தப்பியோரைத் தங்க வைக்க உள்நாட்டில் வரிசை வரிசையாக மரக் கொட்டகைகள் எழுந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் மீன்பிடிப்பவன் கடலை விட்டு என்ன செய்வான்? வயற்காரனுக்கு வயல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாழ்வு. ஜனங்கள் கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு தத்தம் ஊருக்கே திரும்பிச் சென்றனர். தரைமட்டமான ‘மெனாசா’ நின்ற இடத்தில், அதாவது கிராமத்துச் சிறு தொழுகைக்கூடம் இருந்த இடத்தில், பலகையால் ஒரு கொட்டகை போட்டு அங்கேயே தொழுது, அங்கேயே உண்டு, அங்கேயே கூடிப் பேசினர். சில மாதங்களில் 2 கிலோமீட்டர் யோசனை கைவிடப்பட்டது. பெக்கான் படா பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் ‘ஊதீப் பெசாரே’, அதாவது ‘சேர்ந்து வாழ்வோம்’, என்ற பெயரில் ஒன்றுகூடின. ஏழை மக்களுக்காக உழைக்கும் ஓர் இந்தோனேசிய அமைப்பின் துணையுடன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைத் தாமே திட்டமிட்டு எழுப்பிக்கொண்டன.

வீடு கட்ட நிலம் வேண்டும். நிலம் யாருடையது? இங்கேதான் நான் மேலே சொன்ன கடன் புத்தக விஷயம் வருகிறது. பண்டா ஆச்சே நில அலுவலகத்துக்குள் கடல் நீர் புகுந்து பதிவேடுகளெல்லாம் சேற்றில் ஊறிவிட்டன. அவற்றை அப்படியே காய வைத்தால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும் என்று உறைய வைத்து ஜாகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானிய நிபுணர்களின் உதவியோடு மெல்ல மெல்ல உலர்த்தி மீட்டார்கள். அதுவும் பட்டா இருந்த நிலங்களுக்கே பயன்படும். பெரும்பாலான நிலத்துக்குப் பட்டாவே இருந்ததில்லை. எல்லை என்பது ஒரு தென்னை மரம், ஒரு வேலி, ஓர் ஓடை. மூன்றும் போய்விட்டன. சில இடங்களில் நிலமே கடலுக்குள் போய்விட்டது.

ஆகவே ஊராரே எல்லையை நடந்து காட்டினர். ‘கெச்சிக்’ எனப்படும் ஊர்த் தலைவரும், மெனாசாவின் இமாமும், இரு பக்கத்துச் சொந்தக்காரர்களும் நின்று, இது உன்னுடையது, இது என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபின்தான் அரசாங்க அளவைக்காரர் வந்து அளந்தார். சர்க்காரின் காகிதம் அழிந்த இடத்தில் அண்டை வீட்டாரின் நாவே சாட்சியாயிற்று. பொய் சொல்ல எவ்வளவோ இடமிருந்தும், உலக வங்கி முதல் உள்ளூர் அதிகாரி வரை அந்த முறையை நம்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயமன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மதரஸாவில் ஃபராயிளு பாடம் ஓதும்போது, நீரில் மூழ்கியோர், இடிபாட்டில் மாண்டோர் என்று ஒரு பகுதி வரும். தந்தையும் மகனும் ஒரே விபத்தில் மாண்டு, யார் முந்தி யார் பிந்தி என்று தெரியாவிட்டால் ஒருவர் மற்றவருக்கு வாரிசாவதில்லை. அவரவர் சொத்து உயிரோடிருக்கும் அவரவர் வாரிசுகளைச் சேரும். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் இப்படித்தான். சிறுவயதில் இதை ஓதியபோது, இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். உஸ்தாது பிரம்பை எடுத்தார். ஆச்சேயில் அந்தப் பக்கம் ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. அங்குள்ள ஷரீஅத் நீதிமன்றங்கள் வாரிசு வழக்குகளையும் அனாதைப் பிள்ளைகளின் காப்பாளர் வழக்குகளையும் விசாரித்துத் தீர்த்தன. இந்தோனேசியாவின் 1991-ஆம் ஆண்டு இஸ்லாமியச் சட்டத் தொகுப்பில், முன்னரே மாண்ட மகனுக்குப் பதிலாக அவன் பிள்ளைகள் பங்கு பெற இடமுண்டு. இதனால் பாட்டனாரின் சொத்தில் பேரப்பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. வாரிசே இல்லாதோரின் நிலம் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பைத்துல்மால் பொறுப்புக்கு வந்தது.

பெண்களின் நிலை தனியே சொல்ல வேண்டியது. ஆச்சே பெசார் மாவட்டத்தில் நான்கு கிராமங்களில் எடுத்த கணக்கின்படி, உயிர் தப்பிய 676 பேரில் பெண்கள் 189 பேர்தாம். ஆண்கள் பலர் கடலுக்குள்ளோ வேலைக்கோ போயிருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளுடன் வீட்டிலிருந்தார்கள். மனைவியுமில்லை, பிள்ளையுமில்லை, புது வீடு மட்டும் உண்டு என்ற ஆண்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். அவ்வீட்டை ஊர் என்று சொல்லலாகுமா?

வீடுகள் என்னவோ வந்தன. குந்தோரோ மங்குசுப்ரோத்தோ என்பாரின் தலைமையில் 2005 ஏப்ரல் முதல் 2009 ஏப்ரல் வரை நான்கு ஆண்டு நடந்த புனரமைப்பு ஸ்தாபனம் ஜாகார்த்தாவில் உட்காராமல் பண்டா ஆச்சேயிலேயே அலுவலகம் வைத்துக்கொண்டது. அக்காலத்துக்குள் சுமார் 140,000 வீடுகள் எழுந்தன. லம்புக்கில் துருக்கிச் செம்பிறைச் சங்கத்தார் ஏறத்தாழ 700 வீடுகள் கட்டித் தந்தார்கள். இன்றும் அதற்குத் துருக்கிக் கம்பம் என்றே பெயர். 1976 முதல் நடந்துவந்த உள்நாட்டுப் போரும் 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கி ஒப்பந்தத்தால் நின்றது. அது நிற்காமல் இருந்திருந்தால் எந்த லாரி எந்த ஊருக்குப் போயிருக்கும்?

ஆனால் வியாபாரியாகிய நாம் கவனிக்க வேண்டியவை வேறு. உலகெங்குமிருந்து பணம் கொட்டியதால் செங்கல், மரம், தச்சர் கூலி எல்லாம் ஏறின. 2005 டிசம்பரில் பண்டா ஆச்சேயின் விலைவாசி முந்திய ஆண்டைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. உதவிப் பணம் கையில் கிடைக்காத ஏழைக்கும் அதே விலைதான். சேறு அள்ள நாட்கூலி கொடுத்தார்கள். பசித்தவன் கையில் ரொக்கம் வந்தது, நல்லது. ஆனால் முன்பு கோத்தோங் ரோயோங் என்று இலவசமாய்க் கூடிச் செய்த வேலைக்கும் “கூலி எவ்வளவு?” என்று கேட்கும் வழக்கம் அதனால் வந்ததாக அவ்வூர்ப் பெரியோர்களே குறைபட்டுக்கொண்டனர்.

படகுகளின் கதை இன்னும் வேடிக்கை. நல்ல மனத்துடன் பலரும் படகு கொடுத்தார்கள். தரமற்ற பச்சை மரத்தால் அவசரமாய்க் கட்டிய சிறு படகுகள் பல, அந்தக் கடலுக்கு ஒவ்வாமல் கரையிலேயே கிடந்து வெடித்தன. ஆச்சே மீனவருக்கு சுல்தான் இஸ்கந்தர் மூடா காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் ‘பங்லிமா லாவுத்’ என்னும் கடல் தலைவர் முறை உண்டு. யாருக்கு எந்தப் படகு பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். அவரைக் கேட்டுக் கொடுத்த இடங்களில் படகு கடலுக்குப் போயிற்று.

படகு மாத்திரம் போதுமா? எண்ணெய்க்கும், ஐஸ் கட்டிக்கும், வலை முடிய நூலுக்கும் முதல் எங்கே? அங்கே ‘தோக்கே பங்கு’ என்று ஒருவர் இருக்கிறார். நாம் சொல்லும் தவுக்கேதான். மீனவனுக்கு அவர் முன்பணம் கொடுப்பார். வட்டி என்று எழுதுவதில்லை. பிடித்த மீனைத் தம் மூலமே விற்க வேண்டும், விற்றதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார். மீன் கிடைக்காத மாதத்தில் பொறுத்திருப்பார். மீனவன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம்தான் போவான். இதில் அநியாயமும் நடக்கலாம். விலையைச் சொல்கிறவரே பங்கையும் கழிப்பதென்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் வெளியிலிருந்து வந்த தொண்டு ஸ்தாபனங்கள் பலவும் அவரைச் சுரண்டுகிறவர் என்று ஒதுக்கிவிட்டன. அவரும் முதலிழந்தவர், அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பதை எண்ணவில்லை. தவுக்கேயின் கையில் முதல் இல்லாதவரை புதுப் படகும் கரையில்தான் நின்றது.

2011-ஆம் ஆண்டில் காயோ மலைக் காப்பிக்கொட்டை வாங்கலாமா என்று விசாரிக்க நான் ஆச்சே போனேன். வியாபாரம் படியவில்லை. ஆனால் லம்புக்கில் லுஹர் தொழுதுவிட்டு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். மலாயில் பேசிக்கொண்டோம். நானும் கடைக்காரன் என்றதும் அவர் அலையைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசினார்.

“அபாங், என் கடன் புத்தகம் கடலோடு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குப் பக்கத்தில் பலகை போட்டு இரண்டு சுடுநீர்க் குப்பியோடு உட்கார்ந்தேன். உயிரோடிருந்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து, உனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். சிலர் எனக்கு ஞாபகமிருந்ததைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒருவர் குறைத்துச் சொன்னார். அவர் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.”

மாண்டவர்களின் கடன்? ஜனாஸாச் செலவுக்கு அடுத்தபடி சொத்திலிருந்து கடனைத்தான் கொடுக்க வேண்டும், வாரிசுகளின் பங்கு அதன்பிறகே என்பது நாம் அறிந்த சட்டம். அவர் அதைக் கோரவில்லை. எல்லோருக்கும் ஹலால் ஆக்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு, “பட்டணத்து மொத்த வியாபாரிக்கு நானும் கடன்தான். அவரும் பிழைத்திருந்தார். பழைய பாக்கியைக் கேட்காமல் ஒரு மூட்டை சீனியும் காப்பித்தூளும் ஏற்றி அனுப்பினார். வீடு வர இன்னும் வெகு நாளாயிற்று” என்றார்.

காலையில் அவர் கடையில் காப்பி குடிக்க வந்தவர்களே, எந்த வரப்பை இன்று சீர் செய்வது, யார் படகுக்கு ஆள் வேண்டும், எந்த அதிகாரி வருகிறார் என்று அங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இப்போது அக்கடற்கரையில் விடுமுறை நாளில் சுட்ட மீன் விற்கும் கடைகளுக்குக் கூட்டம் வருகிறது. டிசம்பர் 26-இல் மட்டும் ஆச்சே மீனவர் கடலுக்குப் போவதில்லை. பங்லிமா லாவுத்தார் அதை மீனவர் சட்டமாகவே சேர்த்துவிட்டனர்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 2005 ஜனவரியில் பினாங்கில் நாங்கள் பழந்துணி மூட்டை மூட்டையாகக் கட்டி ஆச்சேக்கு அனுப்பினோம். கட்டியவர்களில் நானும் ஒருவன். அவற்றில் குளிர்காலக் கோட்டும், ஒற்றைச் செருப்பும் இருந்ததைக் கண்ணால் கண்டேன். அது சிறுவயதுத் தவறு என்று விட்டுவிடலாம். 2021 டிசம்பரில் செய்ததை அப்படி விட முடியவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 18-இல் பெய்த மழையில் சிலாங்கூர் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாடு முழுதும் 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று அரசாங்கம் கணக்கிட்டது. நம்மவர் ஒருவரின் மளிகைக் கடை கூரை வரை மூழ்கிற்று. வயதில் மூத்தவர், நானா என்றே அழைப்போம். நாலைந்து பேர் சேர்ந்து அரிசிப் பையும், எண்ணெயும், போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். நானா சிரித்தார். “உள்ளே நாற்பது மூட்டை அரிசி அழுகிக் கிடக்கிறது, தம்பி. நீங்கள் பத்துக் கிலோ கொண்டு வந்திருக்கிறீர்கள்” என்றார். அதைத் தமாஷ் என்று நினைத்து நாங்களும் சிரித்தோம்.

அவருக்கு வேண்டியது அரிசியன்று, அரிசி விற்க முதல். அவருடைய கடன் புத்தகம் கூழாகிவிட்டது. வாடிக்கைக்காரர்களும் வெள்ளத்தில் இழந்தவர்களே. சரக்குக் கொடுத்தவர்கள் பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதுச் சரக்கு என்றனர். எனக்கு அவர் கைமாற்றுக் கடன் 1,400 வெள்ளி தர வேண்டியிருந்தது. அதைக் கேட்கவுமில்லை, இப்போது வேண்டாம் நானா என்று வாய்விட்டுச் சொல்லவுமில்லை. மரியாதை என்று எண்ணி மௌனமாயிருந்தேன். கடன்பட்டவனுக்கு அந்த மௌனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து ஓரிரவு இஷாவுக்குப் பின் வந்து 600 வெள்ளியை மேசைமேல் வைத்து, மீதி பிறகு என்றார். வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று பிறர் சொல்லித் தெரிந்தது. மீதி 800-ஐ அன்றே அடித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னேன். “அன்றே சொல்லியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் கடையிருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அவரிடம் வாரக்கடன் வாங்கிய வீடுகள் சாமானுக்குப் பெருங்கடைக்குப் போகின்றன. அங்கே 555 புத்தகம் கிடையாது.

நம் சங்கத்தின் வெள்ள நிவாரண நிதி அடுத்த பொதுக்கூட்டத்தில் பேச்சுக்கு வருகிறது. முழுவதும் உணவுப் பொட்டலத்துக்கே என்பது சிலரின் அபிப்பிராயம். முதல் வாரத்துக்கு உணவு வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதியையாவது தனியே வைத்து, கடையிழந்தவருக்குக் கர்ளே ஹஸனா என்னும் அழகிய கடனாகச் சரக்கெடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. ரொக்கமாய்க் கொடுத்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். மொத்த வியாபாரிக்கு நாம் ஜாமீன் நின்றால் அதே பணத்துக்கு இரு மடங்கு சரக்கு கிடைக்கும். பழைய பாக்கியை ஆறு மாதம் கேட்பதில்லை என்று நமக்குள் ஓர் உடன்படிக்கையும், அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல இருவரும் வேண்டும். திரும்ப வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். சிலது வராது. அதற்கும் ஒரு தொகையை முன்னரே ஒதுக்கி வைப்பதே கணக்கு.

நான் இப்போது ஒவ்வொரு வியாழன் இரவும் கடன் புத்தகத்தின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வேறு ஊரிலிருக்கும் என் தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. கூட்டத்துக்கு வருகிறவர்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை, தம் புத்தகத்தில் வெளியே நிற்கும் தொகை எவ்வளவு, தாம் பிறருக்குத் தர வேண்டியது எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வந்தால், நிதிக்கு எவ்வளவு தேவை என்று அன்றே பேசி முடிக்கலாம்.